சம்பந்தி பார்த்த பிக்கப்

அன்பு மகளுக்கு,

தேனீப் பெட்டிகள் ஏற்றும் ட்ரெய்லரை இழுக்கப் பழைய பிக்கப் வாங்கிவிட்டாயாம். தேர்ந்தெடுத்துக் கொடுத்தது தையல்கடைக்காரரான உன் மாமனாராம். முப்பது வருட மெக்கானிக்கான என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பரவாயில்லை.

நேற்று நீ இல்லாத நேரம் பார்த்து வந்து, ஏதாவது குறை கிடைக்காதா என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். சேஸிஸில் துரு இல்லை. கியர்பாக்ஸில் ஒழுகல் இல்லை. ட்ரெய்லர் மாட்டும் கொக்கியும் உறுதி. எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன தேடுறீங்க, சம்பந்தி?" என்றது உன் மாமனார் குரல்.

"ஒண்ணுமில்ல. நல்ல வண்டிதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எதுக்கெடுத்தாலும் உங்க மகளுக்கு 'எங்கப்பா, எங்கப்பா'தான். இதையாவது நான் பாத்துத் தரணும்னு ரெண்டு மாசம் அலைஞ்சேன்."

அவரை நீயும் நாலு வார்த்தை பாராட்டிவிடு. என்னைவிட நன்றாகப் பார்த்தார் என்று மட்டும் சொல்லாதே.

உன் அப்பா