இருவரும் சேர்ந்து திறப்பதாக இருந்தது

மார்ச் 4

என் வீட்டுக்காரருக்கு,

'அன்புள்ள' என்று போட இன்று கை வரவில்லை. போனை எடுக்காததும் வேண்டுமென்றேதான். பேசினால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

மூடி வைத்திருந்த தரவைத் திறந்துவிட்டீர்களாமே? நம் மாணவி வாழ்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. ஈய அணுக்கருக்களை மோதவிட்டு, அதில் வரும் ஒளித்துகள்களில் மற்றத் துகள்கள் சிதைந்து வந்தவற்றையெல்லாம் கழித்தால் மிச்சம் ஏதாவது தேறுமா, மோதலில் உண்டாகும் கொதிப்பே உமிழ்ந்த ஒளி இருக்கிறதா என்று பார்க்கத்தானே இத்தனை வருஷம் மாரடித்தோம்? கழிக்கும் முறையை முடிவு செய்யும்வரை விடையைப் பார்ப்பதில்லை, பார்க்கும்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது. யார் வைத்த விதி இது? நீங்கள் வைத்தது! நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் கை அரித்ததா?

கோபத்துடன்,
உங்கள் மனைவி

மார்ச் 9

என் கோபக்காரிக்கு,

அத்தை தேறியது பெரிய நிம்மதி. கேட்காதது தப்பு. திறந்ததும் தப்பு. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் மிச்சம் இருக்கிறதடி! முதலில் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தேன். ஆற்றல் குறைந்த துகள்களில் கருவியின் இரைச்சல் நிறையக் கலந்திருக்கிறது. அதனால் எந்த ஆற்றலுக்கு மேல் எண்ணுவது என்ற எல்லையைக் கொஞ்சம் ஏற்றினேன். மிச்சம் பளிச்சென்று வந்துவிட்டது. ரொம்பச் சின்ன மாற்றம்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அறிவிக்கலாம். உன் பெயர்தான் முதலில். சம்மதம் என்று ஒரு வரி எழுது.

ஆசையுடன்,
உன்னவன்

மார்ச் 15

உங்களுக்கு,

ஒன்றுமே இல்லை, அப்புறம் எல்லையை ஏற்றினேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள்! நினைத்த விடை வரும்வரை கணக்கைத் திருத்திக்கொண்டே போனால் கருங்கல்லில்கூட வெளிச்சம் வரும். போன வருஷம் அந்த மாணவி இதையேதான் செய்தாள். "விடையப் பாத்துட்டுப் பரீட்சை எழுதுறியாம்மா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டு அழவைத்தீர்கள். இப்போது அவளிடமே வாழ்த்து வாங்கிக்கொள்ள வெட்கமாக இல்லையா?

குழுத் தலைவருக்கு நடந்ததை எழுதிவிட்டேன். முதலில் வந்ததுதான் நம் விடை. புதிய எல்லை சரியா என்று சோதிக்க வேண்டுமானால், யாரும் பார்க்காத அடுத்த தரவில் சோதிக்கட்டும். அந்த வேலையை நான் வேறு ஆட்களோடு செய்துகொள்கிறேன்.

அம்மா நடமாட ஆரம்பித்ததும் ஆய்வகத்துக்கு வருவேன். வீட்டுக்கு வர மாட்டேன். விடுதியில் அறை கேட்டிருக்கிறேன்.

என் முகத்தில் எப்படி விழிப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னை என்னவென்று நினைத்தீர்கள்? அன்றைக்கே கூப்பிட்டு "ஒண்ணும் இல்லடி" என்று சொல்லியிருந்தால், உங்கள் பக்கத்தில் நின்று நானும் அதையே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
நான்