அடுக்கில் இருந்த ஒரு ஜோடி

10 பிப்ரவரி 2005, வியாழன்

இன்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனியில் தீ ஒத்திகை. தூசு ஆகாது என்று செருப்பை வாசல் அடுக்கில் கழற்றி வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போவோம். சைரன் அடித்ததும் ஓடிவந்து, அந்த வாசலிலேயே அவரவர் செருப்பைத் தேட ஆரம்பித்தோம். பின்னால் வந்தவர்களுக்கு வழியே இல்லை.

"இன்னாம்மா, செருப்பு தேடிகினு நிக்கிறீங்க? நெஜமா நெருப்பு வந்தா அத்தினி பேரும் காலி!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

என் ரூமில் இருக்கும் செல்வி மட்டும் வெறுங்காலோடு வெளியே போய் வெயிலில் நின்றாள். "இந்தப் பொண்ணுதான் கரெக்டா வந்துச்சு, கை தட்டுங்க" என்றார். தட்டினோம். அவள் அழுதாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன், சனியன்.

பஸ்ஸில்தான் சொன்னாள். கும்பகோணம் பள்ளிக்கூடத் தீயில் அவளுடைய அக்கா மகள் போய்விட்டாளாம். ஒரே ரூமில் இருந்தும் இதுவரை வாயே திறக்கவில்லை.

"எங்கக்கா போய்ப் பாத்தப்ப அவ செருப்பு வாசல்ல கெடந்துச்சு. செருப்ப விட்டுட்டு ஓடியிருப்பான்னு நெனச்சுட்டா. வெறுங்காலோட ஒரு புள்ளயப் பாத்தீங்களான்னு தெருத்தெருவா கேட்டுக்கிட்டே போனா."

நாளையிலிருந்து அடுக்கை வாசலைவிட்டுத் தள்ளி வைக்கிறார்களாம். நல்லதுதான்.

செல்வி தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் ரூம் வாசலில் கிடந்த செருப்புகளை ஓரமாகத் தள்ளினேன். அவளுடையது அதில் இல்லை. கம்பெனியிலிருந்து வெறுங்காலோடுதான் வந்திருக்கிறாள். கூடவே நடந்தும் நான் பார்க்கவில்லை.