ஜெர்சி போட்ட கொம்பாங்

செப்டம்பர் 2, செவ்வாய்

உறுதியானது: ஓவன் ரோடு ரோவர்ஸ் கால்பந்துக் கிளப் இந்த சீசனில் தன் சொந்த ஆட்டங்களைப் புக்கிட் பாத்தோக் திடலில் ஆடும். அங்கே பார்வையாளர்கள் எந்த வாத்தியத்தையும் ஒலிக்கக் கூடாது. ஆதாரம், திடல் நிர்வாகம் நேற்று மாலை கிளப்புக்கு அனுப்பிய மின்னஞ்சல். ரசிகர் குழுத் தலைவி ஷமீமா போனில் படித்துக் காட்டினார். பிறகு நிர்வாக அலுவலரை நானே அழைத்துக் கேட்டேன். ஆமாம் என்றார். எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டார்களாம்.

பத்திரிகை டெஸ்க்குக்கு நான்கு வரி அனுப்பினேன். அந்த நான்கு வரிக்குள் அடங்காதது இங்கே.

ரோவர்ஸ் பெரிய கிளப் இல்லை. ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நூறு பேர் பார்க்க வந்தால் நல்ல கூட்டம். ஆனால் அந்த நூறு பேரிடம் ஒரு கொம்பாங் இருக்கிறது. மலாய்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை வரும்போது கையால் தட்டுவார்களே, அந்த ஒற்றைத் தோல் மேளம். எழுபதுகளில் ஒரு லெஃப்ட் விங்கரின் கல்யாணமும் லீக் ஆட்டமும் ஒரே நாளில் வந்துவிட்டன. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பூட்ஸ் மாட்டிக்கொண்டு திடலுக்கு ஓடினார். கல்யாணக் கூட்டம் கொம்பாங்கோடு பின்னால் ஓடியது. அன்று ஜெயித்தார்கள். கொம்பாங் வீடு திரும்பவே இல்லை.

விசில் ஊதியதும் தொடங்கும் தாளம், பாதி முடியும் விசில் வரை நிற்காது. கை ஓய்ந்தவரிடமிருந்து அடுத்தவர் வாங்கிக்கொள்வார். அதற்கு ஒரு கறாரான முறை உண்டு: முன்னவர் கை எழும் முன் அடுத்தவர் கை விழ வேண்டும். கோல் விழுந்தால் மற்றவர்கள் குதிக்கலாம், அழலாம். கொம்பாங் வைத்திருப்பவர் மட்டும் தட்டிக்கொண்டே இருப்பார். யார் கையில் தாளம் நின்றதோ அவர் பிறகு கொம்பாங்கைத் தொடுவதில்லை.

இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மணியத்தை நான் பார்த்திருக்கிறேன். தட்டும்போது கெண்டைக்கால் இழுத்து விழுந்தவர். அதன் பிறகும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. சாகும்வரை தண்ணீர்ப் பெட்டி தூக்கினார். கொம்பாங் கைமாறி அவர் நிற்கும் இடத்துக்கு வந்தால் ஓரடி பின்னால் போய் வழி விடுவார். அந்த ஓரடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கோப்பைகள் கைமாறியதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்கெல்லாம் இப்படி ஆனதில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஃபேரர் பார்க் கோப்பிக்கடையில் ரசிகர்கள் கூடினார்கள். நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டும் இடம் போதவில்லை.

தடையை மீறி அடிக்கலாம், வெளியே தள்ளட்டும் என்றது ஒரு கட்சி. ஆட்டத்துக்கே போக வேண்டாம் என்றது இன்னொன்று. ரித்திக், கணினி வேலை பார்ப்பவன், தாளத்தைப் பதிவு செய்து எல்லாரும் இயர்போனில் ஆப் வழியாகக் கேட்கலாம் என்றான். முகைதீன் பாய் தே தாரிக் டீயைக் கீழே வைத்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சீசனின் முதல் ஆட்டத்தில் முதல் தட்டு எப்போதும் அவருடையது.

“ஏன்டா, உன் பொண்டாட்டியையும் ஆப்லயே கட்டியிருக்கலாம்லா.”

“ஆப்லதான் பாய் பார்த்தேன்.”

சிரிப்பு அடங்க நேரமானது.  பிறகு ஷமீமா ஒன்றே ஒன்று சொன்னார்: ஒலிக்கக் கூடாது என்றுதான் மின்னஞ்சலில் இருக்கிறது, கொண்டுவரக் கூடாது என்று இல்லை. பையிலிருந்து ரோவர்ஸின் பழைய பச்சை ஜெர்சி ஒன்றை எடுத்தார். நான்காய் மடித்துத் தோலின் மேல் போர்த்தி, கைப்பகுதிகளைப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டார். முகைதீனிடம் நீட்டினார்.

அவர் தட்டினார். எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் கோப்பி ஆற்றுகிற சத்தம்தான் கேட்டது.

“ஜெர்சி போட்டாச்சு. இனி இதுவும் டீம்ல ஒரு ஆளு,” என்றார் முகைதீன்.

நிர்வாக அலுவலரிடம் ஷமீமா முன்பே கேட்டுவிட்டாராம். சத்தம் வராது என்றால் எதற்கு மேடம் என்று அவர் குழம்பினாராம்.

எனக்கும் அதே கேள்விதான். கேட்காத தாளம் இருந்தென்ன, நின்றென்ன?

செப்டம்பர் 6, சனி

முதல் சொந்த ஆட்டம். எனக்குப் பக்கக் கோட்டை ஒட்டி நாற்காலி. ரசிகர்கள் வழக்கம்போல எதிரணியின் கோலுக்குப் பின்னால்; பாதி மாறினால் அவர்களும் பக்கம் மாறுவார்கள். முன்வரிசையில் முகைதீன்.

விசில். அவர் கை விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

இத்தனை வருடங்களில் ரோவர்ஸின் ஆட்டத்தைத் தாளமில்லாமல் நான் பார்த்ததில்லை. பந்து காலில் படும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், மேலே ஏதோ வீட்டில் குக்கர் விசில். ஆட்டக்காரர்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் கை ஏறி இறங்குவது தெரிந்தது. கொம்பாங் கைமாறியது: முகைதீன், ஷமீமா, ரித்திக், இன்னும் பலர். ஒவ்வொரு முறையும் கைமேல் கை. யாருக்குமே கேட்காத ஒன்றை இவ்வளவு பத்திரமாக ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்து நான் கண்டதில்லை. கோயிலில் கற்பூரத் தட்டைக்கூட இதைவிட அலட்சியமாக நீட்டுகிறோம்.

இரண்டாம் பாதியில் மீண்டும் முகைதீனிடம் வந்திருந்தது. கார்னர். ரோவர்ஸின் தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டினார். வலை அசைந்தது. முகைதீனின் இரண்டு கைகளும், கொம்பாங்கோடு, வானத்தில் இருந்தன.

ஒரு நொடிதான். கைகளை இறக்கிப் பார்த்தார். கொம்பாங்கை ஷமீமாவிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனார்.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம். வெற்றி. யாரும் பாய் பக்கம் போகத் துணியவில்லை. நான் போனேன். கேட்பது என் வேலை.

“என் கையில நின்னுடுச்சும்மா,” என்றார். “எழுதிக்குங்க.”

தாளம் நின்றதைக் காதால் கேட்டவர் ஒருவருமில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டவர் இல்லை என்பதாலேயே சொன்னாரோ?

எழுதி அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒன்று உறுத்துகிறது. தடை வாத்தியத்துக்குத்தான், கத்துவதற்கு இல்லை. கோல் விழுந்தபோது ரோவர்ஸ் பக்கம் ஏன் ஒருவர்கூடக் கத்தவில்லை?

செப்டம்பர் 9, செவ்வாய்

செய்தி நேற்று வந்தது. ‘ரோவர்ஸின் தாளம் நின்றது’ என்று தலைப்பு. இன்று காலை டெஸ்க்கிலிருந்து அழைப்பு: ஒரு வாசகர் தவறு என்கிறார், நீங்களே பேசுங்கள்.

பெயர் ரஞ்சன். புக்கிட் பாத்தோக், திடலுக்கு எதிர் புளோக், ஒன்பதாவது மாடி. புகார் கொடுத்தது தான்தான் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். மாலை நேரில் போனேன்.

துவாஸ் துறைமுகத்தில் பளுதூக்கும் கிரேன் இயக்குகிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரங்களில் சாயங்காலம்தான் தூக்கம். போன சீசனில் இந்தத் திடலில் ஆடிய வேறொரு குழுவின் ஒலிபெருக்கி தாங்காமல், வெயிலிலும் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். ரோவர்ஸை அவருக்குத் தெரியாது.

“சனிக்கிழமை சத்தம் வரும் வரும்னு காத்துக்கிட்டே படுத்திருந்தேன் மேடம். வரலை. அதுலயே தூக்கம் போச்சு.”

எழுந்து ஜன்னலைத் திறந்திருக்கிறார். கீழே ஒருவர் துணி போர்த்திய எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று புரியாமல் கடைசிவரை நின்று பார்த்தாராம்.

“கோல் விழுந்தப்ப அந்தப் பெரியவர் கையத் தூக்கினாரு. அவர் ஒருத்தர்தான். பின்னாடி இருந்த அத்தனை பேரும் தொடையில, கம்பியில, பை மேல தட்டிக்கிட்டே இருந்தாங்க. ஒரே மாதிரி. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். நீங்க நின்னுச்சுன்னு எழுதியிருக்கீங்க. நிக்கலை.”

நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நானும் அதே திடலில்தான் இருந்தேன். நான் பார்த்தது முகைதீனையும் பந்தையும்.

புகாரைத் திரும்பப் பெறுவீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ராத்திரி அவ்வளவு உயரத்தில் உட்காருகிறவன் தூங்காமல் போய் உட்காரக் கூடாது. கீழே ஆட்கள் நிற்கிறார்கள். நியாயம். ஆனால் தன் பகல் வாரங்களில் மேளம் அடித்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று நேற்றே நிர்வாகத்துக்குத் தெரிவித்திருக்கிறார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஒருவர் சொன்னது போதாது. ரசிகர்களை நேருக்கு நேர் பார்க்க வாய்த்தவர் ஒருவர்தான்: எதிரணியின் கோல்கீப்பர் சுஹைப். பந்தை எடுக்க வலைக்குள் திரும்பியவர்.

“அவங்க ஆளு கோல் போட்டுட்டான், ஒருத்தரும் கத்தலை அக்கா. எல்லாரும் எனக்குப் பின்னாடி எங்கேயோ பாத்துக்கிட்டுத் தட்டுறாங்க. தட்டுறது அவங்களுக்கே தெரியுமான்னு சந்தேகமா இருந்துச்சு. பயந்துட்டேன்லா.”

ஷமீமாவை அழைத்துச் சொன்னேன்.  

“நான் மட்டும்தான் தட்டுறேன்னு நினைச்சேன் அக்கா.”

காதில் விழாததால், விட்டுவிடக் கூடாதே என்று பையின் மேல் விரலால் தாளத்தைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். கேட்ட எல்லாரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ரித்திக் முழங்காலில். இன்னொருவர் மடியில் தூங்கிய குழந்தையின் முதுகில். நான் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். குதித்தால் விட்டுப்போகும் என்று ஒருவரும் குதிக்கவில்லை.

நூறு பேர். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமல்.

இரவெல்லாம் இதுதான் மனதில் ஓடுகிறது. அந்த நேரம் என் கை என்ன செய்துகொண்டிருந்தது? நோட்டில் அந்த நிமிடத்துக்கு எதிரே ஓர் எழுத்தும் இல்லை. பேனாவால் குத்திய புள்ளிகள் மட்டும் வரிசையாக.

செப்டம்பர் 11, வியாழன்

திருத்தம் வெளியானது. இரண்டு வரி. என் வாழ்க்கையில் சந்தோஷமாக எழுதிய ஒரே திருத்தம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அதே கோப்பிக்கடை. முகைதீன் உள்ளே வரவில்லை. பேருந்தைத் தெருவோரம் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வெளியே போய்ப் பேருந்தைச் சுற்றி நின்றோம். ஞாயிறன்றும் இவர்களுக்குப் பள்ளியா என்று வழியில் போன ஒருவர் சிரித்தார்.

திருத்தத்தைப் படித்திருக்கிறார். ஒப்புக்கொள்ளவில்லை.

“மத்தவங்க தட்டினது மத்தவங்க தட்டினது. கொம்பாங் யார்கிட்ட இருந்துச்சு? என் கையில நின்னது நின்னதுதான். மணியத்துக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?”

 ஷமீமா பேருந்தின் படியில் ஏறினார்.

“முறை என்ன மாமா? உங்க கை எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த கை விழணும். அவ்வளவுதானே?”

“ஆமா.”

“விழுந்திருச்சு. நூறு கை விழுந்திருச்சு. அதுக்கப்புறம்தான் நீங்க தூக்கினீங்க.”

முகைதீன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறேன் என்றார். பேருந்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். 

செப்டம்பர் 17, புதன்

ஷமீமாவிடம் கேட்டேன். பாய் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

செப்டம்பர் 20, சனி

இரண்டாவது சொந்த ஆட்டம். ரஞ்சனுக்கு இது இரவு வாரம். கொம்பாங்குக்கு ஜெர்சி போட்டிருந்தது.

முகைதீன் வந்தார். இரண்டு கைகளிலும் தண்ணீர்ப் பெட்டி. நேராகக் கடைசி வரிசையின் ஓரத்துக்குப் போனார். அங்கே முன்பெல்லாம் பெட்டியோடு நின்றவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

முதல் பாதியை ரித்திக் தொடங்கினான். இன்று நான் பந்தைக் குறைவாகவே பார்த்தேன். நூறு கைகள். இந்த முறை ஒருவருக்கொருவர் தெரிந்தேதான், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. கொம்பாங் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, கைமேல் கையாக நகர்ந்துகொண்டே போனது.

இரண்டாம் பாதியில் ஷமீமாவிடம் இருந்தது. அடுத்தது ஓரம். முகைதீன் ஓரடி பின்னால் போனார்.

ஷமீமா அவரைத் தாண்டிக் கொடுக்கவில்லை. அவர் முன்னே கொம்பாங்கைப் பிடித்தபடி தட்டிக்கொண்டே நின்றார். எதிரணி கோல் போட்டது, தட்டினார். மாற்று ஆட்டக்காரர் இறங்கினார், தட்டினார். முறை அப்படி. அடுத்த கை விழாமல் முன்னவர் கையை எடுக்க முடியாது. ஷமீமாவின் தோள் நடுங்குவது எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. வாய் ஏதோ சொன்னது. என்னவென்று பிறகும் கேட்கவில்லை. சிலவற்றைக் கேட்கக் கூடாது.

முகைதீன் அந்த ஓரடியை முன்னால் வைத்தார். பச்சை ஜெர்சியின் மேல் அவர் கை விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஷமீமாவின் கை எழுந்தது.

ரோவர்ஸ் தோற்றது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

புறப்படும்போது நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பதாவது மாடியில் ரஞ்சன் வீட்டில் விளக்கு இல்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

நிலுவையில் இருப்பது: ரஞ்சனின் பகல் வாரங்களில் கொம்பாங் ஒலிக்கலாமா என்பதில் நிர்வாகத்தின் முடிவு. வெள்ளிக்கிழமை, 26ஆம் தேதி, மாலைக்குள் சொல்வதாக அலுவலர் உறுதியளித்திருக்கிறார். மறுநாள் சனிக்கிழமை ஆட்டம். அது பகல் வாரம்.