ஹாலோவெல்லின் படகு கரையேறிய விதம்

மில் கோவ்,
ஜூன் 14

அன்புள்ள கெய்லா,

நானும் அப்பாவும் சுகம். அந்த ஆல்பர்ட்டா முகாமில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவின் தோள்வலி கொஞ்சம் தேவலை. படகை இறக்கி ஏற்றும் சிமெண்ட் சரிவு விஷயத்தைப் போனில் பாதிதான் சொன்னேன். கோடைக்கு மட்டும் வருகிறவர்களின் பாய்மரக் கிளப், நம் இரைமீன் நாறுகிறது, சரிவு வழுக்குகிறது, பாதுகாப்பில்லை, நம் படகுகளை அங்கே விடக் கூடாது என்று ஊர் மன்றத்தில் மனுக் கொடுத்தது அல்லவா. சரிவு போனால் நம் சிங்கி இறால் படகை முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் இறக்கவேண்டும். அப்பாவின் தோளுக்கு அது ஆகாது, படகை விற்கவேண்டியதுதான்.

போன சனிக்கிழமை மன்றத்தார் பார்வையிட வந்தார்கள். பாதுகாப்பாக இறக்குவது எப்படி என்று காட்ட, கிளப் தலைவர் ஹாலோவெல் தன் புதுக் கேட்டமரானைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை உடல், நடுவே வலை, அதன்மேல் சட்டை மடிப்புக் கலையாத நாலு பேர். ஷாம்பெயின் திறந்தார்கள், பேசினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஷாம்பெயின் தக்கையை ஞாபகத்துக்கென்று பத்திரமாகப் பையில் போட்ட மனிதர், படகின் வடிகால் ஓட்டைகளை அடைக்கிற தக்கைகளைக் கார் சீட்டிலேயே விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் தண்ணீர் புகுந்து சாய, பயந்து திரும்பினார். காற்று கடலிலிருந்து கரைக்கு வீசியது. நாமாக இருந்தால் வெளியிலேயே படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி, பாயை இறக்கிவிட்டு மெல்ல வருவோம். அவர் பாய்க் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி நேரே சிமெண்டை நோக்கி வந்தார். எவரெட் சித்தப்பாவும் நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். "கயித்த விடுய்யா, அது என்ன உன் பொண்டாட்டி கையா?" என்று சித்தப்பா சத்தம் போட்டார். விட்டார். பாய் படபடத்து அடங்க, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்தினோம். ஹாலோவெல் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கை சுத்தமா இருக்காம்மா? புதுப் பெயின்ட்."

திங்கட்கிழமை தீர்மானம் வந்தது. கிளப் படகு பத்திரமாகக் கரையேறியதைப் பாராட்டி, இரை ஏற்றிய படகுகளுக்குச் சரிவில் தடை. அடுத்த வரியிலேயே, கேட்டமரான் இறங்கி ஏறும்போதெல்லாம் அனுபவமுள்ள உள்ளூர்த் தன்னார்வலர் இருவர் சரிவில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அதை இறக்கக் கூடாது. அந்த இருவர் யார் என்று கேட்டேன். மன்றமே என்னையும் சித்தப்பாவையும் பார்த்தது. அப்படி நிற்க ஊரில் ஒருத்தரும் போகவில்லை. நாலு நாளாக அருமையான காற்று, வெள்ளைப் படகு வண்டியிலேயே நிற்கிறது. இன்று காலை ஹாலோவெல் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஒரு பலகாரத்தோடு வாசலுக்கு வந்து, நாளைக்கு ஒருமணி நேரம் வரமுடியுமா என்று கேட்டார். கை இன்னும் சுத்தமாகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பலகாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை, அப்பாவுக்குத்தான் வருத்தம். மத்தியானமே மன்றத்திலிருந்து போன், தீர்மானத்தை இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடி எடுக்கிறார்களாம்.

உன் ஓட்டு இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது. உள்ளே வைத்திருக்கும் தாள், தடையை நீக்கச் சொல்லி நாம் கொடுக்கும் மனு; கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வரப்போகும் குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்கு, ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கிருந்தாலும் தலை நிமிர்ந்து நல்லபடியாக இரு, கண்ணு.

உன் அம்மா,
ரோண்டா