மச்சான் பிடிக்கிற கயிறு

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்,
ஏப்ரல் 2

அன்பு மகள் சிவானிக்கு அப்பா எழுதுவது. இங்கே மூவரும் நலம், நீயும் மாப்பிள்ளை சரத்தும் அந்த நீலகிரிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே தினமும் என் வேண்டுதல். போன் பாதிப் பேச்சிலேயே நின்றுவிடுகிறது, அதனால்தான் கடிதம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கு அசதியாக இருக்கிறது கண்ணு. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து சமையல் என் தலையில். தேக்கா சந்தையில் மீன் வாங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது, அவளோ குழம்பில் உப்பு தூக்கல் என்று படுத்தபடியே குறை சொல்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சோலைக்காட்டுக்கு மேலே உள்ள பாறையில் இந்த வருஷம் தேன்கூடு நிறையத் தொங்குகிறது, சரத் வீட்டு ஆட்கள் தேனீயிடம் பாடிக்கொண்டேதான் கயிற்றில் இறங்குவார்கள், அடையில் கொஞ்சம் மிச்சம் விட்டுத்தான் வருவார்கள் என்று எழுதியிருந்தாய். மேலே கயிற்றைப் பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாம், தங்கை வாழ்க்கை தன் கையில் என்று தெரிந்தவன் விடமாட்டானாம். மச்சான் வராததால் சரத் இரண்டு வருஷமாக இறங்காமல் மற்றவர்களை வேடிக்கை பார்க்கிறார் என்று எழுதினாயே, அதுதான் மனதை அறுத்தது.

உன் அண்ணனிடம் சொன்னேன். காட்டைப் பற்றிப் படிக்கப் போனவள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள் என்ற கோபம் ரித்திக்குக்கு இன்னும் தீரவில்லை, சரத்தை 'அந்த ஆள்' என்றுதான் சொல்வான். "எனக்கு லீவ் இல்ல லா, விடுங்கப்பா" என்றான். உங்கள் இருவருக்கும் நடுவில் பேசிப் பேசி எனக்கும் சலித்துவிட்டது, கெஞ்சவில்லை. உன் கடிதத்தை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். மூன்று நாள் போனது. நேற்று நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றான். மே மாதம் பத்து நாள் லீவ் போட்டிருக்கிறானாம். அதைச் சொல்லிவிட்டும் போகாமல் நின்றான். பிறகு கேட்டான், "மாப்பிள்ளை எத்தனை கிலோ இருப்பாருப்பா?"

எனக்குத் தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்றேன். குழாயை மூடக்கூட மறந்துபோய் அப்படியே நின்றேன்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். சரத்தை நிறுத்துப் பார்த்து உடனே எழுது, குத்துமதிப்பாக எழுதாதே.

உன் அப்பா,
பாலகிருஷ்ணன்