முழு அளவில் ஒரு படம்

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் அண்ணனும் சுகமாக இருக்கிறோம். அடுத்ததாக, நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புவதாக எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரமாட்டேன் என்கிறது, அதனால் அந்த இடத்தைக் கேள்வியாகவே விட்டு வைக்கிறேன், நீதான் நிரப்ப வேண்டும். சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். செய்தி அனுப்பினாலோ எனக்கு முன்னால் அவள் படித்துவிட்டு, நீ எனக்கு எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டுகிறாள். ஆகவே ஆஸ்பத்திரியில் என் அட்மிஷன் கவுண்டரில், சாப்பாட்டு நேரத்தில், கண்ணாடிக்கு முன்னால் இடைவேளைப் பலகையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வருகிறவர்கள் பலகையை நன்றாகப் படித்துவிட்டு, ‘இடைவேளையா சார்?’ என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் படங்களையெல்லாம் நீ ஒரு இணையதளத்தில் ஏற்றிவைத்து எங்களுக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அந்தத் தளக்காரர்கள் கடையை மூடுகிறார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் அவரவர் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு நாங்கள் பொறுப்பல்ல என்று மின்னஞ்சல் வந்தது. உனக்கும் வந்திருக்கும், நீ அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ பல் விழுந்த வாயோடு சிரித்தது, அண்ணன் புது சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது, நான் மீசை வைத்துப் பார்த்து ஒரே வாரத்தில் எடுத்தது எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது. ‘வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா என்ன செய்வோம், வேற வீடு பாக்க மாட்டோமா, கெளம்புங்க’ என்று தையல் மிஷினை மூடிவிட்டு எழுந்துவிட்டாள், ஏதோ வெயிலில் தெருத்தெருவாக அலைந்து தேடுகிற காரியம் மாதிரி.

தேடும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். கட்டட வரைபடம் போடுகிறவன் அல்லவா, எதையும் கட்டம் போட்டுப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. மூன்று தளங்களைப் பிடித்துவந்து கம்ப்யூட்டரில் எங்கள் முன்னால் வைத்தான். பெயரெல்லாம் அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை, அடையாளப் படத்தின் நிறத்தை வைத்து சிவப்புக்காரன், மஞ்சள்காரன், நீலக்காரன் என்று வைத்துவிட்டாள், இப்போது அண்ணனே அப்படித்தான் சொல்கிறான். சிவப்புக்காரன் நாலு பேருக்குப் படம் காட்டுவதில் கெட்டிக்காரன், ஆனால் பூட்டை நாமே தேடிப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாசல் திறந்தே கிடக்கும். அண்ணன் பூட்டைத் தேடுவதற்குள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு மிஷினுக்கு எண்ணெய் போடுகிற அம்மாவின் படத்துக்கு முகம் தெரியாத யாரோ ஒருவர் ‘அழகு’ என்று எழுதிவிட்டார். அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், ஆனாலும் சிவப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மஞ்சள்காரன் தாராளப் பிரபு. எத்தனை படம் போட்டாலும் இலவசம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் சுருக்கித்தான் உள்ளே வைப்பான். போனில் பார்க்க ஒன்றும் தெரியாது, பெரிதாக்கினால் முகம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஆகிவிடும். நீலக்காரன் போட்டதைப் போட்டபடி முழு அளவில் வைத்திருப்பான், யார் யார் எந்தப் படத்தில் இருக்கிறார்கள் என்று முகம் பார்த்து அவனே பிரித்தும் வைப்பான், ஓர் அளவுக்கு மேல் போனால் மாதச் சந்தா கேட்பான். தெருமுனை போட்டோக்கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். ‘சுருக்கின படம் திரும்ப விரியாது சார், போனது போனதுதான், நீலத்துலயே போடுங்க, வீட்லயும் ஒரு டிஸ்க்ல காப்பி வெச்சுக்கங்க’ என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நல்லபடியாக அத்தோடு முடித்திருக்கலாம். பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவோம், ஒரே படத்தை மஞ்சளிலும் நீலத்திலும் போட்டு ஒப்பிடுவோம் என்று சொன்னவன் நான்தான். எந்தப் படம் என்று கேட்டபோது, அம்மா தைத்து அனுப்பிய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் டீக் கோப்பையோடு நீ உட்கார்ந்திருக்கிற படத்தையே போடலாம் என்றாள் அம்மா. உன் படம் எது வந்தாலும் அவளுக்கு முதலில் தையலைப் பார்க்க வேண்டும், பிறகுதான் முகம். அந்தப் பரீட்சையில் படத்தைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு ஒரு குறை, கை தொளதொளவென்று தொங்குகிறதாம். ‘என் கைக்கு அளவு தப்புமா, தப்பிடுச்சு பாருங்க’ என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

பழைய தளம் நமக்கு இத்தனை காலமும் காட்டியது சின்னப் படமாம், உள்ளே நீ அனுப்பிய முழுப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. மாற்றும்போது அது முழுசாக நீலத்தில் வந்து இறங்கியது, கூடவே உன் பழைய படங்கள் சிலவும். மறுநாள் அண்ணன் வேலைக்குப் போய்விட்டான், அம்மா பொத்தான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள், நான் விடுமுறையில் வீட்டில் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீலக்காரன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். இடது பக்கம் நீ வெளியூருக்குக் கிளம்பிய அன்று பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து கன்னம் உப்பச் சிரித்த படம், வலது பக்கம் இந்த டீக் கோப்பைப் படம், கீழே, இவர்கள் இருவரும் ஒரே நபரா என்று கேட்டு, ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று பொத்தான். பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆம் என்பதை அழுத்தினேன். அழுத்திவிட்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தேனம்மா, யந்திரத்தின் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகுதான் படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்காமல் இருந்திருக்கலாம். சட்டையின் இடது கையை விரல் முட்டி வரை இழுத்து விட்டிருக்கிறாய், ஆனால் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருப்பதால் சட்டைக்கையின் பட்டி கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, அதற்கு அடியில் வெள்ளையாக ஒரு விளிம்பு, அதில் கோடுகோடாக ஒரு குறி. மற்றவர்களுக்கு அது வளையலோ வாட்ச்சோ. எனக்கு அது என்ன என்று சொல்ல வேண்டுமா, ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் கையில் அந்தப் பட்டையைக் கட்டுவதுதானே என் பிழைப்பு. வந்து பார்த்துவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு நாங்கள் அதைக் கட்டுவதில்லை, படுக்கை போட்டுத் தங்குகிறவர்களுக்குத்தான். பார்க்க ஆள் வந்தால் அதை மேலே தள்ளிவிட்டுச் சட்டைக்குள் ஒளிக்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். கண்காட்சி, பாட்டுக் கச்சேரி என்று போனால்கூட இப்போதெல்லாம் கையில் பட்டை கட்டுகிறார்களாமே, அதாக இருக்கும் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு நீ அனுப்பியதையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஜன்னல், செடி, தெருவில் நின்ற பூனை, மழை. உன் முகம் ஒன்றில்கூட இல்லை. வீடியோவில் கூப்பிடு என்றால் சிக்னல் சரியில்லை என்கிறாய், சிக்னல் இல்லாத இடத்திலிருந்து பூனை மட்டும் எப்படியம்மா வருகிறது?

நான் செய்த காரியத்தைக் கேள். அன்று சாயங்காலமே அண்ணனிடம், நீலம் வேண்டாம், மஞ்சளே போதும், இலவசமாகக் கிடைக்கும்போது சந்தா எதற்கு என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ‘நேத்து வரைக்கும் நீலம் நீலம்னு குதிச்சீங்களேப்பா’ என்றான். எதையோ சொல்லி மழுப்பினேன். மஞ்சளில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் பட்டையும் தெரியாது, பட்டியும் தெரியாது, வெறும் வெள்ளைத் தீற்றல்தான், நானே நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன். அம்மா போன வருஷம் மிஷின் முன்னாலேயே மயங்கிச் சாய்ந்தது உனக்குத் தெரியும், ரத்த அழுத்தம் இருக்கிறது, அதிர்ச்சி தரும்படி எதையும் திடீரென்று சொல்லாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அவளோ எல்லாப் படத்தையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறவள். அதனால் நல்லதை விட்டுவிட்டு மட்டமானதைத் தேர்ந்தெடுத்தேன், உன் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் சுருங்கினாலும் சுருங்கட்டும் என்று துணிந்துவிட்டேன். அளவு தப்பிவிட்டது என்று அவள் தன்னையே திட்டிக்கொள்ளும்போதெல்லாம், ஆமாம், இந்தத் தடவை தப்பிவிட்டது என்று நானும் ஒத்து ஊதினேன். நீ இளைத்ததற்கு அவள் தொழில்மேல் பழி போட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உனக்கு என்னம்மா ஆயிற்று? சின்ன விஷயமென்றால் சின்ன விஷயம் என்று சொல், பெரிய விஷயமென்றால் அதையும் சொல். கவுண்டரில் உட்கார்ந்து எல்லார் வீட்டுக் கவலையையும் கேட்கிறேன், என் பெண்ணுடையதைக் கேட்க மாட்டேனா? அந்தப் படத்தை எடுத்தது யார்? உன் இரண்டு கையும் கோப்பையில் இருக்கிறது, அப்படியென்றால் எதிரே யாரோ இருந்திருக்கிறார்கள், எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான். உன் அறைத்தோழியாக இருந்தால் அவளுக்கு என் நன்றியைச் சொல். நீ அறையில் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை அவளே கொண்டுவந்து கொடுக்கட்டும். நான் விடுப்பு சொல்லி வைத்துவிட்டேன், வா என்று ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் சாப்பிடு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பதிலை ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுது.

மேலே இருப்பதெல்லாம் நேற்று எழுதியது. உறையில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், இன்று காலை தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். செருப்பு மாட்டும்போது அம்மா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘அவளுக்குப் புதுசா ஒரு சட்டை, உங்க லெட்டரோட சேத்து அனுப்பிடுங்க’ என்றாள். எந்த லெட்டர் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். ‘சாப்பாட்டு டப்பா நேத்து கொடுத்தபடியே திரும்பி வந்துச்சு, விரல்ல மை, வேற யாருக்கு எழுதுவீங்க’ என்றாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். உனக்கு எப்போதும் தைக்கிற அளவு இல்லை, அதைவிடச் சின்ன அளவு. இடது கை மட்டும் தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழிருந்து மணிக்கட்டு வரை திறந்து, வரிசையாகப் பொத்தான் வைத்திருந்தாள், ஊசி போட வந்தால் சட்டையைக் கழற்றாமலே கையை மட்டும் திறந்து நீட்டலாம். அன்று அவள் பொத்தான் வாங்கப் போனாள் என்று எழுதினேனே, அது இந்தச் சட்டைக்குத்தான். எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். ‘நீங்க பாக்கறதுக்கு முந்தின நாளே. பெரிசாக்கிப் பாக்காம நான் என்னைக்கு விட்டிருக்கேன்? உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னுதான் அளவு தப்பிடுச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்’ என்றாள். நான் பயந்த மயக்கம் அவளுக்கு வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள், பிறகு அவளும் அழுதாள்.

அதனால் இனிமேல் நீ யாருக்காகவும் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை, கண்ணு. பதிலை வீட்டு விலாசத்துக்கே எழுது, அதற்கு முன்னால் போனிலும் கூப்பிடு, ஸ்பீக்கர் போட்டே கேட்கிறோம். அண்ணனிடமும் சொல்லிவிட்டோம், மஞ்சளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நீலத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டேன், பழைய தளத்தில் முழுப் படங்கள் இன்னும் இருக்கின்றன, மாதக் கடைசிக்குள் வந்துவிடும். பூனையும் செடியும் போதும். உன் முகம் தெரிய, கை தெரிய, பட்டை தெரிய ஒரு படம் எடுத்துச் சுருக்காமல் அனுப்பு. நீ எப்படி இருந்தாலும் சரி, அது நீதானா என்று நீலக்காரன் எத்தனை தடவை கேட்டாலும் ஆம் என்று அழுத்த இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.

நீ நோய்நொடி தீர்ந்து பழைய வாலாகத் திரும்பி வர வேண்டும் என்று உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள், அம்மாவின் கையும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. மறக்காமல் ஒன்று செய். அந்தப் பட்டைக்கும் உன் கைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார். நான் யாருக்குக் கட்டினாலும் அப்படி விரலை விட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன். நுழையாவிட்டால் நர்ஸிடம் சொல்லித் தளர்த்திக் கட்டச் சொல், வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படாதே.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
அப்பா