தலைச்சன் என்று சொல்லாதே

என் செல்ல வாயாடிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான். அப்பாவின் இடுப்பு எலும்பு கூடி வருகிறது என்று டாக்டர் சொல்கிறார், இவரானால் நாளைக்கே ஏணி ஏறி வயரிங் வேலை பார்ப்பேன் என்கிறார், குளியலறைக்குப் போகவே என் தோள் வேண்டும், வாய் மட்டும் மாடி ஏறுகிறது. உன்னிடம் போகச் சொல்லி தினமும் என்னோடு சண்டை. நான் போனால் தானே பால் காய்ச்சிக் குடித்துக்கொள்வாராம், நேற்று காய்ச்சிய அழகில் பாத்திரம் கரி, சமையலறை முழுக்கப் புகை. இப்படி ஒரு மனுஷனை எப்படி விட்டுவிட்டு வருவேன், நீயே சொல். உன் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று எழுதக் கை ஓடவில்லை.

சலவைக்கூடத்தில் வேலை எப்போதும் போலத்தான், விடுதிப் படுக்கை விரிப்புகள் மலையாக வந்து குவிகின்றன. போன வாரம் ஒரு மூட்டைக்குள் குழந்தைப் போர்வை ஒன்று சிக்கிக்கொண்டு வந்தது, மடித்து வைத்துவிட்டு ஓரமாகப் போய் அழுதேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு கண்ணில் சோப்புத்தூளா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. அந்தப் புது மருத்துவமனையில் மருத்துவச்சி இதுதான் முதல் பிரசவமா என்று கேட்டாராம், நீ ஆமாம் என்று தலையாட்டிவிட்டாயாம். நல்ல காரியத்தில் போனதைப் பேசக்கூடாது, இதையே தலைச்சன் என்று சொல்லிவிடு என்று உன் மாமியார் சொன்னாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, உன் மேல் உள்ள ஆசையில் சொல்லியிருப்பார். ஆனால் இது சம்பந்தி வீட்டுப் பேச்சில்லையடி, உன் உயிரும் பிள்ளை உயிரும். மருந்து ஏற்றி வலி வரவைக்கலாம், இல்லை தானாக வலி வரும்வரை காத்திருக்கலாம், யோசித்துச் சொல் என்று அவர்கள் உன்னிடம் கேட்டதே நீ சொன்ன அந்த ஆமாமை நம்பித்தான். போன முறை மாதம் நிறைந்திருந்தும் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிப்போனது தெரிந்தால் அவர்கள் சொல்லும் யோசனையே வேறாக இருக்கலாம். அதை மறைத்துவிட்டு நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் இருட்டில் ஊசி கோர்க்கிற கதைதான்.

நீயே சொல்லும்மா, நீ சொல்றபடி செய்றேன் என்றாய். சொல்ல மாட்டேன். முதலில் போய் உள்ளதைச் சொல். பிறகு உட்கார்ந்து கேள், எது வேண்டும் என்கிறீர்கள், ஏன் வேண்டும், வேண்டாமென்றால் என்ன ஆகும், காத்திருந்தால் பிள்ளையை எப்படிக் கவனிப்பீர்கள் என்று. புரியவில்லையா, மறுபடி கேள், சின்ன வயதில் எங்களைத் துளைத்தெடுத்தவள்தானே. அந்த மருத்துவச்சி அவசரப்படாமல் காது கொடுத்துக் கேட்கிறார் என்றாயே, அவரிடம் என்னத்தை மறைக்க. பிள்ளை அசைவது குறைந்ததாகத் தோன்றினால் அந்த நிமிஷமே கிளம்பிப் போ, தூங்குகிறது, பொறு என்று யார் சொன்னாலும் நிற்காதே. மாப்பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள், வலியில் உனக்குப் பேச்சு வராதபோது நீ நினைத்ததை அவர் எடுத்துச் சொல்லட்டும், தான் நினைத்ததைச் சொல்லிவைக்கப் போகிறார், முன்னாலேயே பேசிக்கொள். இதையெல்லாம் போனில் சொல்லப்போனால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுவார், கோணலாக வந்தால் கழுத்தைச் சாய்த்துப் படி.

என் உடம்பையே எனக்கு நம்ப முடியல என்று அழுதாய். போன பிரசவத்தன்று எல்லாம் முடிந்த பிறகு, முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் மறக்க முடியாது என்று சொந்தபந்தம் அத்தனையும் உன்னைத் தடுத்தது. நர்ஸ்கூடத் தயங்கினார். நீ படுத்தபடியே கையை நீட்டி, "என் பிள்ளை. என்கிட்ட குடுங்க" என்றாய். குரல் உயரவே இல்லை. நெஞ்சோடு அணைத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்து, நெற்றியில் முத்தம் கொடுத்து, அப்புறம் என்னிடம் நீட்டினாய். அவனுக்கு உன் மூக்கு. நீ கேட்டிராவிட்டால் அவனை நான் ஒரு தடவைகூடத் தூக்கியிருக்க மாட்டேன். அத்தனை பேர் பேச்சுக்கு நடுவிலும் உனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கு உனக்குத்தான் தெரிந்தது. அந்த உன்னை நான் நம்புகிறேன், நீயும் நம்பு கண்ணே.

உன் வயிறும் மனசும் குளிரட்டும், தாயும் பிள்ளையுமாக நல்லபடியாக வீடு வந்து சேருங்கள். நாளைக்கே மருத்துவச்சியிடம் போய்ச் சொல், மறந்துவிடாதே, இது எனக்கு இரண்டாவது என்று.

இப்படிக்கு,
உன் இரண்டு பிள்ளைகளுக்கும் பாட்டியான
அம்மா